பாதத்தில் ஒரு கட்டி: அச்சமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்



நாளொன்றுக்கு ஐந்து வேளை நாம் நம் பாதங்களைக் கழுவுகிறோம். விரல் இடுக்குகளைக் கோதி, கணுக்கால் வரை நீரைச் செலுத்தி, குதிகாலில் உலர்ந்த இடம் விடுபடாமல் கவனித்து உளூவை நிறைவு செய்கிறோம். ஆயினும் அந்தப் பாதத்தைத் திருப்பி, அதன் அடிப்பகுதியை உற்றுப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? கடமையை நிறைவேற்றும் அவசரத்தில், கைக்குத் தட்டுப்படுகிற ஒரு மேட்டைக்கூட நாம் பொருட்படுத்துவதில்லை. இந்தக் கட்டுரைக்கு அத்தகைய ஒரு மேடுதான் காரணம்.

நம் உறவில் ஒரு மாமி. வயது ஐம்பத்தெட்டு. இரண்டு ஆண்டுகளாக அவர் நாற்காலியில் அமர்ந்தே தொழுதுவந்தார். “இருப்பில் உட்கார்ந்தால் கால் குத்துகிறது” என்று தொடக்கத்தில் ஓரிரு முறை சொல்லியிருக்கிறார். வயதாகிவிட்டது, மூட்டுத் தேய்மானமாக இருக்கும் என்று வீட்டிலுள்ள அனைவரும் முடிவு கட்டிவிட்டோம். அதன்பின் அவரும் சொல்வதை நிறுத்திக்கொண்டார். கடந்த பெருநாளுக்கு முந்தைய இரவில் மகள் அவருடைய பாதத்தில் மருதாணி இட அமர்ந்தபோதுதான், இடது உள்ளங்காலின் வளைவில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. வலி மூட்டில் இல்லை, பாதத்தில் இருந்தது. இரண்டு ஆண்டுகள் ஒருவரும் அந்தக் காலைப் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு நாட்களில் அந்த வீட்டில் நடந்தவை நம் சமுதாயத்தின் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியவை. ஒருவர் புற்றுநோய் என்று சொல்லி அழத் தொடங்கினார். மற்றொருவர், “வெறும் கொழுப்புக் கட்டி, கண்டுகொள்ளாதீர்கள்” என்றார். பக்கத்து வீட்டார் எருக்கிலையை வாட்டிக் கட்டச் சொன்னார்கள். ஒரு மருத்துவர் இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்துவிட்டு, “இன்றே படுங்கள், பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்” என்றார். அந்த நால்வரும் அன்பின் காரணமாகவோ பழக்கத்தின் காரணமாகவோதான் பேசினார்கள். ஆனால் நால்வருமே, அது என்ன கட்டி என்று அறியாமலேயே முடிவைச் சொன்னார்கள். இதைத்தான் நாம் தவறு என்கிறோம்.

கொழுப்புக் கட்டி என்றால் என்ன?

நம் உடலில் தோலுக்கு அடியில் இயல்பாகவே கொழுப்பு அணுக்கள் உள்ளன. அவற்றுள் ஒரு தொகுதி தனியே திரண்டு, மெல்லிய உறையொன்றுக்குள் மெதுவாக வளர்வதையே மருத்துவர்கள் லிப்போமா என்கின்றனர். பெரியவர்களின் மென்திசுக்களில் தோன்றும் கட்டிகளில் மிகவும் பரவலானது இதுவே. நாற்பது வயதிலிருந்து அறுபது வயதுக்குள் இருப்பவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. முதுகு, தோள், கழுத்து, மேற்கை ஆகியவையே இது வழக்கமாகத் தோன்றும் இடங்கள். தொட்டால் மென்மையாக இருக்கும், விரலால் தள்ளினால் தோலுக்கடியில் நழுவும், பெரும்பாலும் வலிக்காது. இது புற்றுநோயன்று. உடலின் பிற பகுதிகளுக்கு இது பரவுவதில்லை.

பாதத்தில் இது தோன்றுவது அரிது. அந்த அருமையிலேயே இரண்டு சிக்கல்கள் அடங்கியுள்ளன. முதலாவது, அரிதாக வருவதை மருத்துவர்களும் அரிதாகவே பார்க்கின்றனர். ஆகவே வேறொன்றாகக் கருதிவிட வாய்ப்புண்டு. இரண்டாவது, பாதத்தின் அமைப்பு. முதுகில் எலுமிச்சை அளவு கட்டி இருந்தாலும் அதற்கு விரிந்துகொள்ள இடமுண்டு. உள்ளங்காலில் அவ்வாறு இல்லை. அங்கே தோல் தடித்தது. அதன் கீழே உறுதியான நார்ப்படலம் குதிகாலிலிருந்து விரல்கள் வரை விரிந்துள்ளது. அதற்கும் மேலே தசைகளும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் நெருக்கமாக அமைந்துள்ளன. இந்த நெருக்கடியில் மூன்று சென்டிமீட்டர் கட்டிகூட நரம்பை அழுத்தும், செருப்பில் உராயும், நடையை மாற்றிவிடும். உடல் எடை முழுவதையும் தாங்குகிற இடமாதலால், ஆழத்தில் இருக்கும் கட்டி மென்மையாக இல்லாமல் கெட்டியாகக் கைக்குத் தெரிவதும் உண்டு.

கணுக்காலின் உட்புறத்தில், எலும்புக்கும் ஒரு பட்டையான நாருக்கும் இடையே ஒரு குறுகிய வழி உள்ளது. உள்ளங்காலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அதன் வழியேதான் செல்கிறது. அங்கே கொழுப்புக் கட்டி தோன்றினால் வெளியே மேடு தெரியாமலேயே உள்ளங்காலில் எரிச்சலும் மரத்துப்போதலும் உண்டாகும். நம் குடும்பங்களில் நீரிழிவு மிகுதி. ஆகவே கால் எரிச்சல் என்றவுடன் “சர்க்கரையின் வேலை” என்று சொல்லி மாத்திரையை வாங்கிவிடுகிறோம். நீரிழிவால் வரும் எரிச்சல் பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் ஒருங்கே வரும். ஒரே பாதத்தில் மட்டும் எரிச்சல் இருந்தால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும் என்பதை நாம் நினைவில் கொள்வது நல்லது.

வேறு என்னவாக இருக்கலாம்?

பாதத்தில் தட்டுப்படும் கட்டி எல்லாம் கொழுப்புக் கட்டியன்று. புறங்காலில், மூட்டை ஒட்டித் தோன்றும் வழவழப்பான கட்டி பெரும்பாலும் பாகுபோன்ற நீர் நிறைந்த நீர்க்கட்டி. உள்ளங்காலின் வளைவில் நார்ப்படலத்தோடு ஒட்டி, நகராமல் கெட்டியாக இருப்பது நார்க்கட்டியாக இருக்கலாம். முள்ளோ கண்ணாடித் துண்டோ குத்திய இடத்தில் பின்னர் தோற்கட்டி உருவாகலாம். யூரிக் அமிலம் மிகுந்தவர்களுக்கு உப்புப் படிவு திரண்டு நிற்கலாம். நரம்பின் உறையிலிருந்து வளரும் கட்டியும், இரத்தக் குழாய்களின் பின்னலும் உண்டு. நின்றால் குதிகாலின் ஓரத்தில் சிறு சிறு கொப்புளங்கள்போல் புடைத்து, காலைத் தூக்கினால் மறைபவை இயல்பான கொழுப்பின் பிதுக்கமே. வலி இல்லையெனில் அவற்றுக்கு மருத்துவம் தேவையில்லை.

நம் மண்ணோடு தொடர்புடைய ஒரு நோயையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1842ஆம் ஆண்டில் மதுரையில் பணியாற்றிய கில் என்னும் மருத்துவர், பாதம் வீங்கிப் புண்ணாகும் ஒரு நோயைப் பதிவு செய்தார். அதனால் அதற்கு ‘மதுரைப் பாதம்’ என்ற பெயரே உலக மருத்துவத்தில் நிலைத்தது. 1860இல் கார்ட்டர் என்னும் மருத்துவர் அதற்கு மைசிட்டோமா என்று பெயரிட்டார். வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களின் சிறு காயத்தின் வழியே பூஞ்சையோ பாக்டீரியாவோ உட்புகுவதால் அது உண்டாகிறது. தொடக்கத்தில் வலியற்ற ஒரு கட்டியாகவே தெரியும். பின்னர் துளைகள் விழுந்து, சிறுமணிகள்போன்ற துகள்கள் வெளிவரும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. வயலிலும் உப்பளத்திலும் உழைக்கும் நம் சகோதரர்களின் பாதத்தில் வலியற்ற வீக்கம் வந்தால் இதையும் மருத்துவர் நினைக்க வேண்டும்.

மிகவும் அரிதாக, புற்றுநோய்க் கட்டியும் பாதத்தில் தோன்றும். சைனோவியல் சார்கோமா என்பது அவற்றுள் ஒன்று. பதினைந்து முதல் நாற்பது வயதுக்குட்பட்டவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. சில நேரங்களில் ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளர்வதால், தீங்கற்ற கட்டி என்று எண்ணி ஏமாந்துபோக இடமுண்டு. அஞ்ச வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இத்தகைய கட்டியைக் கொழுப்புக் கட்டி என்று கருதி, படம் எடுக்காமல் ஒருவர் அறுத்துவிட்டால், நோயின் எச்சங்கள் சுற்றிலும் சிதறி, மீண்டும் பெரிய அறுவையும் கதிர்வீச்சும் தேவைப்படும். சிலருக்குக் காலையே இழக்க நேரும். பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்ற சொல்லுக்கு நாம் அஞ்சுவது இதனால்தான்.

கண்டறியும் முறை

நல்ல மருத்துவர் முதலில் கேட்பார்: எப்போது கண்டீர்கள், வளர்கிறதா, இரவில் வலிக்கிறதா, மரத்துப்போகிறதா, அடிபட்டதா? பின்னர் தொட்டுப் பார்ப்பார்; விரலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லி, கட்டி நரம்போடும் தசைநாணோடும் சேர்ந்து நகர்கிறதா என்று கவனிப்பார். சிலர் டார்ச் விளக்கை வைத்து ஒளி ஊடுருவுகிறதா எனப் பார்ப்பர். ஒளி ஊடுருவினால் நீர்க்கட்டியாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆயினும் கொழுப்புக் கட்டியிலும் சில நேரம் ஒளி ஊடுருவும் என்பதால், விளக்கை மட்டும் நம்ப இயலாது.

அடுத்தது எக்ஸ்ரே. குறைந்த செலவில், எலும்பு பாதிக்கப்பட்டுள்ளதா, கட்டிக்குள் சுண்ணாம்புப் படிவு உள்ளதா என்பதை அது காட்டிவிடும். தோலுக்கு அண்மையில் உள்ள கட்டிக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மிகவும் பயனுடையது. உள்ளே இருப்பது நீரா, திடமா என்பதை உடனே பிரித்துக்காட்டும். இரத்த ஓட்டம் மிகுதியாக உள்ளதா என்பதையும் சொல்லும். கட்டி ஆழத்தில் இருந்தாலோ, ஐயம் எஞ்சினாலோ எம்.ஆர்.ஐ. தேவை. எம்.ஆர்.ஐ. படத்தில் கொழுப்புக்கென்று தனி அடையாளம் உண்டு. ஒருவகைப் படத்தில் அது வெண்மையாக ஒளிரும். கொழுப்பின் ஒளியை மட்டும் அடக்கும் மற்றொருவகைப் படத்தில் அதே இடம் கருமையாக மாறிவிடும். சுற்றியுள்ள இயல்பான கொழுப்பைப் போலவே கட்டி முழுவதும் மாறினால், அது கொழுப்புக் கட்டிதான் என்று பெருமளவு உறுதியாகச் சொல்லலாம். மாறாக, உள்ளே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த தடுப்புகளோ, கொழுப்பல்லாத முடிச்சுகளோ தெரிந்தால் மேலும் ஆராய வேண்டும். அப்போது ஊசி வழியாகச் சிறு திசு எடுத்துச் சோதிப்பர், எம்.டி.எம்.2 என்ற மரபணு மிகுந்துள்ளதா என்ற சோதனையும், புற்றுத்தன்மை உள்ள கொழுப்புக் கட்டியைப் பிரித்தறிய உதவும்.

ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி, வலிக்கும் கட்டி, ஆழத்தில் இருக்கும் கட்டி, ஒருமுறை எடுத்த இடத்தில் மீண்டும் வந்த கட்டி: இவற்றுள் ஒன்று இருந்தாலும் காலம் தாழ்த்தக் கூடாது. ஆனால் பாதம் சிறிய உறுப்பு. முதுகுக்கும் தொடைக்கும் சொன்ன ஐந்து சென்டிமீட்டர் அளவைப் பாதத்திலும் எட்டும் வரை காத்திருக்கக் கூடாது என்பதே நமது கருத்து. பாதத்தில் தொடர்ந்து இருக்கும் எந்தக் கட்டியும் ஒருமுறையேனும் மருத்துவரால் பார்க்கப்பட வேண்டும்.

குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு சொல். பிறந்தது முதலோ சிறு வயது முதலோ ஒரு விரலோ இரண்டு விரல்களோ மற்றவற்றை விடப் பருத்து வளர்ந்தால், அது கொழுப்பும் எலும்பும் சேர்ந்து மிகையாக வளரும் ஓர் அரிய பிறவிக் குறைபாடாக இருக்கலாம். “அதிர்ஷ்ட விரல்” என்று சொல்லி விட்டுவிடாமல், எலும்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எலும்புக்குள்ளும் கொழுப்புக் கட்டி

நம் குடும்பத்து இளைஞர் ஒருவர் பைக்கிலிருந்து சறுக்கி விழுந்தார். கணுக்காலுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு எதுவுமில்லை. ஆனால் குதிகால் எலும்பின் நடுவே ஒரு வெற்றிடம் போலத் தெரிந்தது. “எலும்பில் கட்டி” என்ற ஒரு சொல் அந்த வீட்டின் மூன்று நாள் உறக்கத்தைப் பறித்துவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்த பின்னரே அது எலும்புக்குள் இருக்கும் கொழுப்புக் கட்டி என்று தெரிந்தது.

எலும்புக்குள் கொழுப்புக் கட்டி தோன்றுவதே அரிது. அவ்வாறு தோன்றும் முதன்மையான இடங்களுள் குதிகால் எலும்பும் ஒன்று. அவ்வெலும்பின் நடுவில் எலும்பு இழைகள் இயல்பாகவே அடர்த்தி குறைந்துள்ள ஒரு பகுதி உண்டு. அங்கேதான் இது அமைகிறது. நடுவில் சுண்ணாம்புப் புள்ளியோடு கூடிய வட்டமாக எக்ஸ்ரேயில் தெரிந்தால், அனுபவமுள்ள மருத்துவர் எளிதில் இனங்காண்பார். 1988இல் மில்கிராம் என்னும் அறிஞர் இக்கட்டிகளை மூன்று நிலைகளாக வகுத்தார்: கொழுப்பு உயிர்ப்போடு இருக்கும் நிலை, அதன் ஒரு பகுதி அழிந்து சுண்ணாம்பு படியும் நிலை, பெரும்பகுதியும் அழிந்து நீரறையும் சுண்ணாம்பும் உருவாகும் நிலை. பலருக்கு இது தொல்லையே தருவதில்லை. வேறு காரணத்துக்காகப் படம் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும். அத்தகையோர் அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். வலி நீங்காவிட்டாலோ எலும்பு முறியும் நிலை இருந்தாலோ, கட்டியைச் சுரண்டி எடுத்து அவ்விடத்தை எலும்புத் துகளால் நிரப்புவர். நம் இளைஞருக்கு அறுவை தேவைப்படவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அவர் இன்றும் பந்து விளையாடுகிறார்.

மருத்துவம்: எப்போது, எவ்வாறு?

சிறியதாக, மென்மையாக, வளராமல், வலிக்காமல் இருக்கும் கட்டி கொழுப்புக் கட்டிதான் என்று உறுதியானால், அதை வெட்ட வேண்டியதில்லை. நம் சாச்சா ஒருவருக்குப் புறங்காலில் பத்தாண்டுகளாக ஒரு சிறு கட்டி. உம்ராவுக்குச் செல்லுமுன் எடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், “கட்டியை விடுங்கள், அதன்மேல் உராயும் செருப்பின் வாரை மாற்றுங்கள்” என்றார். அகன்ற, மென்மையான வாருள்ள செருப்போடு சாச்சா உம்ராவை நிறைவேற்றித் திரும்பினார். கட்டி இன்றும் அங்கேயே இருக்கிறது. அவருக்கு அது நினைவிலும் இல்லை. வெட்டாமல் விடச் சொல்லும் மருத்துவரை நாம் குறைவாக எண்ணக் கூடாது. சிந்தித்துச் செய்த முடிவும் மருத்துவமே.

வலி, நரம்பு அழுத்தம், நடைக்கு இடையூறு, வளர்ச்சி, ஐயம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தால் அறுவை செய்து கட்டியை உறையோடு முழுமையாக எடுப்பதே தீர்வு. முழுமையாக எடுக்கப்பட்ட கொழுப்புக் கட்டி மீண்டும் வருவது அரிது. உள்ளங்காலில் கத்தி வைப்பதில் தனிக்கவனம் தேவை. எடை தாங்கும் இடத்தில் தழும்பு விழுந்தால், கட்டி போன பின்னும் ஒவ்வொரு அடியிலும் வலி இருக்கும். ஆகவே தேர்ந்த மருத்துவர் எடை படாத வளைவுப் பகுதி வழியாகவோ பாதத்தின் ஓரம் வழியாகவோ வெட்டுவார். நரம்பைத் தனியே பிரித்துக் காப்பார். இது பாத அறுவையில் பழக்கமுள்ளவர் செய்ய வேண்டிய பணி. உள்ளங்காலின் தையலை இரண்டு மூன்று வாரங்கள் வைத்திருப்பதும், அதுவரை அந்தக் காலில் எடை போடாமல் இருப்பதும் வழக்கம். நீரிழிவு உள்ளவர்கள் அறுவைக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இல்லையெனில் புண் ஆறத் தாமதமாகும்.

மூன்று செயல்களை நாம் வன்மையாக மறுக்கிறோம். ஒன்று, எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பாமல் வீசிவிடுவது. கண்ணுக்குக் கொழுப்பாகத் தெரிவது எல்லாம் தீங்கற்ற கொழுப்பாகிவிடாது. நுண்ணோக்கியில் பார்த்த அறிக்கை கைக்கு வரும் வரை மருத்துவம் முடிவடையவில்லை. அறுவைக்கு முன்பே, “கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்கள் அல்லவா?” என்று கேட்பது நம் உரிமை. இரண்டு, ஐயமுள்ள கட்டியைக் கொழுப்பை உறிஞ்சும் முறையால் எடுப்பது. சோதிப்பதற்கு முழுமையான கட்டி கிடைக்காது, உறையும் உள்ளேயே தங்கிவிடும். மூன்று, சூடு வைப்பதும், நூலால் இறுக்குவதும், ஊசியால் குத்துவதும், காரமான இலையை வைத்துக் கட்டுவதும். கொழுப்புக் கட்டியை இவை கரைப்பதில்லை, தோலைப் புண்ணாக்கும். நீரிழிவு உள்ள பாதத்தில் அந்தப் புண் கட்டியை விடப் பன்மடங்கு கொடியதாக முடியும்.

தொழுகையும் சிகிச்சையும்

அறுவை என்றவுடன் நம் பெரியவர்கள் முதலில் கேட்பது, “உளூ எப்படி? தொழுகை எப்படி?” என்பதே. இந்தக் கவலை மதிக்கத்தக்கது. ஆனால் சிகிச்சையைத் தள்ளிப்போட அது காரணமாகக் கூடாது. நம் மார்க்கம் நோயாளியை நெருக்கடியில் விட்டதில்லை. காயத்தில் நீர் படக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், கட்டின்மீது ஈரக்கையால் மஸ்ஹு செய்யும் சலுகை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் அதனோடு தயம்மும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும். ஹனஃபி மத்ஹபில் மஸ்ஹு போதும். விரிவான சட்டத்தை அறுவைக்கு முன்பே தம் மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொண்டால், மருத்துவமனையில் தடுமாற்றம் இராது. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள்.

நம் பெண்களின் தயக்கத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஆண் மருத்துவரிடம் காலைக் காட்டக் கூசி, ஆண்டுக்கணக்கில் வலியை அடக்கிக்கொண்டிருக்கும் தாய்மார்கள் பலர். பெண் மருத்துவர் கிடைத்தால் அவரையே நாடலாம். கிடைக்காத இடத்தில், தேவையான அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்ட மார்க்கம் இடமளிக்கிறது. துணைக்கு மகனோ கணவரோ சகோதரரோ செல்லட்டும். இதில் பெரும்பங்கு ஆண்களாகிய நம்முடையது. “கால் வலிக்கிறது” என்று உம்மாவோ ராத்தாவோ சொன்னால், “வயதாகிவிட்டது” என்று மறுமொழி சொல்வதற்கு முன் குனிந்து அந்தக் காலைப் பார்க்க வேண்டும். பெற்றோருக்குச் செய்யும் பணிவிடை என்று மேடைகளில் பேசுகிறோமே, அது இவ்வளவு எளிய செயலிலிருந்தும் தொடங்கலாம்.

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படுவோருக்கு ஒரு நினைவூட்டல். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடப்பது மட்டுமே மூன்று கிலோமீட்டருக்கு மேல். பாதத்தில் கட்டியோ தொடர்வலியோ உள்ளவர்கள் பயணத்துக்குப் பல மாதங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். புறப்படும் வாரத்தில் அவசரமாகக் கத்தி வைத்துக்கொள்வது அறிவுடைமையன்று.

செலவு என்பது உண்மையான தடை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பியல் பிரிவும் ஸ்கேன் வசதிகளும் உள்ளன. ஏழைக் குடும்பங்கள் முதலில் அங்கே செல்லத் தயங்க வேண்டாம். ஒவ்வொரு ஜமாஅத்தும், அறுவைச் செலவுக்கு உதவுவதைப் போலவே, அறுவைக்கு முந்தைய ஸ்கேன் செலவுக்கும், பிந்தைய திசுச் சோதனைச் செலவுக்கும் உதவ முன்வர வேண்டும். பணமில்லை என்று இவ்விரண்டையும் தவிர்க்கும் குடும்பம்தான் பின்னர் பேரிழப்பைச் சந்திக்கிறது.

மாமியின் கதையைச் சொல்லி முடிக்கிறோம். அவருடைய மகன் பத்து நிமிட அறுவைக்கு இணங்காமல் ஸ்கேன் எடுக்கச் செய்தார். கட்டி நார்ப்படலத்துக்கு உட்புறமாக, பெருவிரலுக்குச் செல்லும் நரம்பை ஒட்டி இருந்தது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. படம் பார்க்காமல் அறுத்திருந்தால் அந்த நரம்பு என்னவாகியிருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். பாத அறுவையில் தேர்ந்த ஒருவர் வளைவின் ஓரமாக வெட்டி, உறையோடு கட்டியை எடுத்தார். சோதனை அறிக்கையில் லிப்போமா என்று வந்தது. இரண்டு மாதங்களுக்குப் பின் ஒரு மஃரிபு வேளையில் மாமி நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, முஸல்லாவை விரித்து, தரையில் ஸஜ்தா செய்தார். அதைப் பார்த்து நின்ற மகளுக்குக் கண்கள் கலங்கின. நமக்கோ, அந்த இரண்டு ஆண்டுகள் நெஞ்சில் உறுத்தின.

ஆகவே நம் வேண்டுகோள் இதுவே. தொல்லை தராத கொழுப்புக் கட்டியை வெட்ட வேண்டாம். படம் எடுக்காமல் எந்தக் கட்டியிலும் கத்தி வைக்க வேண்டாம். எடுத்ததைச் சோதிக்காமல் வீச வேண்டாம். இன்று அஸருக்கு உளூ செய்யும்போது உங்கள் பாதத்தைத் திருப்பி ஒருமுறை பாருங்கள். பிறகு உங்கள் உம்மாவின் பாதத்தையும், வாப்பாவின் பாதத்தையும் பாருங்கள். முயற்சி நம்முடையது, நலம் தருபவன் அல்லாஹ். அவன் நம் அனைவருக்கும் நிறைவான உடல்நலத்தை அருள்வானாக. ஆமீன்.